256 போதுமா?

(கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்றைய தலைப்பே ஒரு கேள்வி: 256 போதுமா? கணினியின் நினைவகத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் இரண்டொருவர் இருக்கலாம். பரவாயில்லை, உட்காருங்கள். நான் பேசப்போவது திரையில் தெரியும் நிறத்தைப் பற்றி. லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களில், நிறக்கூறு ஒன்றுக்கு 8 பிட் என்ற பழைய எல்லையைத் தாண்டி 10 பிட்டைக் கொண்டுவர யாரெல்லாம் உழைத்தார்கள், எதையெல்லாம் திருத்தினார்கள், இன்னும் எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைப் பற்றி.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 8 பிட் கொடுத்தால், கும்மிருட்டிலிருந்து முழு வெளிச்சம் வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் நிறங்கள். 10 பிட் கொடுத்தால் 1,024 படிகள். நிறங்கள் 107 கோடியைத் தாண்டும். "மனிதக் கண்ணுக்கு இத்தனை கோடி எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோடிகளைச் சொல்லி மயக்குவது மானிட்டர் விற்பவர்களின் வேலை. அந்தக் கோடிகளை மறந்துவிடுங்கள். 256 என்ற அந்த ஒரே எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏன்? மாலை வானம் ஒன்றைப் படம் எடுத்திருக்கிறீர்கள். சூரியன் போய்விட்டது. வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீலம் மெல்ல மெல்லக் கருக்கிறது. அந்தப் படத்தில் கோடி நிறங்களா இருக்கின்றன? இல்லை. மிகக் குறுகிய ஒரு வரம்புக்குள், முப்பது படிகளுக்குள்ளேயே, அந்த வானம் முழுவதும் அடங்கிவிடும். 4கே திரையின் அகலம் 3,840 பிக்சல். முப்பது படிகளை அதன் மேல் பரப்பினால் ஒரு படிக்கு 128 பிக்சல் அகலம். 128 பிக்சல் வரை ஒரே நிறம், பிறகு திடீரென்று அடுத்த நிறம். வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. அதே வானத்துக்கு 10 பிட் கொடுத்தால் முப்பது படி நூற்றிருபது படியாகிறது. பட்டையின் அகலம் 32 பிக்சலாகச் சுருங்குகிறது. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடும் நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. பட்டை கண்ணில் படுவதில்லை.

இதில் நம் கண்ணும் ஒரு விளையாட்டு விளையாடுகிறது. இரண்டு சாம்பல் நிறங்கள் ஒட்டி நிற்கும் விளிம்பில், வேறுபாடு உள்ளதைவிட அதிகமாக இருப்பதுபோல் கண் காட்டும். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலர் 1860களில் இதை எழுதி வைத்தார். மாக் பட்டைகள் என்றே இன்றும் பெயர். விளிம்பைத் தேடிப் பிடிப்பதற்காகவே வளர்ந்த உறுப்பு கண். அதன் முன்னால் 256 படிகளை வைத்துக்கொண்டு, "விளிம்பு தெரியாது, போய்வா" என்றால் அது கேட்குமா?

சரி, பட்டை தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், உயிரா போகிறது என்று சிலர் சொல்லலாம். சில இடங்களில் உண்மையிலேயே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அது. எக்ஸ்ரே படத்தையும் மார்பகப் படத்தையும் திரையில் பார்த்து முடிவு சொல்லும் மருத்துவருக்கு, சாம்பலுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சாம்பல்தான் நோய். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரம் இதற்கென்றே ஓர் ஏணியை வகுத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 0.05 கேண்டலா என்ற மங்கலிலிருந்து ஏறத்தாழ 4,000 கேண்டலா வரை, மனிதக் கண்ணால் மட்டுமட்டாகப் பிரித்தறியக்கூடிய 1,023 படிகள். ஒரு மானிட்டர் இந்த ஏணியின் ஒரு பகுதியைத்தான் காட்டும். அந்தப் பகுதியிலேயே பல நூறு படிகள் உண்டு. 256ஐ வைத்து அதை எப்படி நிரப்புவது?

புகைப்படக்காரர்களுக்கும் 10 பிட் வேண்டும். திரைப்படங்களுக்கு நிறம் திருத்துபவர்களுக்கு, நம் ஊரில் டிஐ என்று சொல்கிறோமே, அவர்களுக்கு வேண்டும். ஆனால் நண்பர்களே, இந்தக் கதையின் நாயகர்கள் இவர்களில் யாரும் இல்லை. இவர்களுக்குக் குறுக்குவழி இருந்தது. விலையுயர்ந்த தொழில்முறை கிராஃபிக்ஸ் அட்டை, அந்த நிறுவனமே தரும் மூடிய டிரைவர், இல்லாவிட்டால் மேசைத்தளத்தையே ஒதுக்கிவிட்டுத் தனி வீடியோ அட்டை வழியாகப் படத்தை நேராக மானிட்டருக்கு அனுப்பும் ஏற்பாடு. காசு இருந்தவர்கள் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் வாசல் வைத்தவர்கள் வேறு. அவர்களிடம் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. 10 பிட் நிறத்துக்கு எவ்வளவு நினைவகம் கூடுதலாக வேண்டும்? நான்கில் ஒரு பங்கா? பாதியா? இந்த அவையில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பூஜ்யம்! ஒரு பைட்கூட வேண்டாம். 8 பிட் நிறத்தில் மூன்று கூறுகளுக்கும் சேர்த்து 24 பிட். ஆனால் கணினி ஒரு பிக்சலை 32 பிட் சொல்லாகத்தான் வைத்துக்கொள்கிறது. மிச்சம் 8 பிட் சும்மா கிடக்கிறது, அல்லது ஒளி எவ்வளவு ஊடுருவலாம் என்ற ஆல்பா மதிப்பை ஏந்துகிறது. 10 பிட் நிறத்தில் மூன்று பத்து முப்பது, மிச்சம் 2. அதே 32. அதே 4 பைட். நினைவகம் தடுக்கவில்லை.

அப்படியானால் விதி தடுத்ததா? அதையும் பார்ப்போம். யூனிக்ஸ் உலகில் திரையை ஆண்ட எக்ஸ் சாளர அமைப்பு 1984இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றுவரை பயன்பாட்டில் இருக்கும் அதன் பதினொன்றாம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் திரையில் 256 நிறம் இருந்தாலே செல்வந்தர். திரை முழுவதற்கும் ஒரு நிற அட்டவணை. அதில் 256 கட்டங்கள். எந்த நிறம் வேண்டுமோ அதைக் கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நெட்ஸ்கேப் உலாவி கட்டங்களை வாரிக்கொண்டால் அடுத்த நிரலுக்கு மிச்சம் இருக்காது. சாளரத்துக்குச் சாளரம் சுட்டியை நகர்த்தும்போது திரை முழுவதும் நிறம் மாறி மின்னும். வயதானவர்கள் சிரிக்கிறீர்கள், பார்த்திருக்கிறீர்கள்.

அத்தனை வறுமையிலும் அந்த எக்ஸ் நெறிமுறையை வகுத்தவர்கள் ஒரு நிறக்கூறுக்கு எத்தனை பிட் ஒதுக்கினார்கள் தெரியுமா? பதினாறு! 0 முதல் 65,535 வரை. கையில் 256 கட்டங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் 16 பிட் துல்லியத்தில் நிறத்தைச் சொல்ல இடம் விட்டார்கள். திரையின் நிற ஆழம் இவ்வளவுதான் என்று நெறிமுறையில் எங்கும் அடித்து வைக்கவில்லை. 8 ஆகலாம், 16 ஆகலாம், 24 ஆகலாம், 30உம் ஆகலாம்.

நினைவகம் தடுக்கவில்லை. நெறிமுறை தடுக்கவில்லை. பின்னே எது தடுத்தது?

பழக்கம் தடுத்தது. இருபது ஆண்டுகள் 24 பிட்டிலேயே வாழ்ந்துவிட்ட பழக்கம். யாரும் "10 பிட் கூடாது" என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆயிரம் இடங்களில் ஆயிரம் பேர், "ஒரு நிறம் என்றால் ஒரு பைட்" என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஒரு படம் கோப்பிலிருந்து உங்கள் கண்ணுக்கு வர எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். படத்தைத் திறக்கும் நிரல். அது நம்பியிருக்கும் வரைகலை நூலகம். ஓபன்ஜிஎல் என்ற வரைகலைத் தரத்தைச் செயல்படுத்தும் மெசா. சாளரங்களை அடுக்கிச் சேர்க்கும் கம்பாசிட்டர். எக்ஸ் சர்வர். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர். கேபிள். கடைசியாக மானிட்டர். ஊரில் தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடம் குடமாகத் தண்ணீர் கைமாற்றுவார்கள். வரிசையில் ஒரே ஒருவர் குடத்துக்குப் பதில் செம்பு வைத்திருந்தால் போதும். அவருக்குப் பிறகு நிற்கும் அத்தனை பேர் கையிலும் செம்புத் தண்ணீர்தான். நம் வரிசையில் எத்தனை பேர் செம்பு வைத்திருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? ஏறக்குறைய எல்லாருமே!

இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன. ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் கட்டி ஆளும் இடத்தில், மேலிருந்து ஓர் ஆணை வந்தால் எல்லாக் கைகளிலும் ஒரே நாளில் குடம் வந்துவிடும். நம் வரிசையில் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு குழு. மெசாக்காரர் "எக்ஸ் தயாரானால் நான் தயார்" என்பார். எக்ஸ்காரர் "பயன்படுத்த நிரல் எங்கே?" என்பார். நிரல்காரர் "திரையே காட்டாதே, நான் ஏன் அனுப்ப வேண்டும்?" என்பார். மூவர் சொல்வதும் நியாயம். மூவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். சில கைகள் முன்கூட்டியே தயாராக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். கெய்ரோ என்ற வரைகலை நூலகம் 2012இலேயே தன் 1.12 பதிப்பில் 30 பிட் வடிவத்தைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு என்ன செய்வது? முன்னும் பின்னும் செம்பு.

மூடிய உலகம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. விண்டோஸில் என்விடியாவின் சாதாரண ஜீஃபோர்ஸ் அட்டைகளுக்கு ஓபன்ஜிஎல் வழியான 10 பிட் நிறம் 2019 ஜூலை வரை திறந்துவிடப்படவில்லை. குவாட்ரோ என்ற விலையுயர்ந்த வரிசைக்கே அது ஒதுக்கப்பட்டிருந்தது. 2019இல் ஒரு டிரைவர் புதுப்பிப்பில் திறந்தார்கள். பழைய அட்டைகளிலேயே வேலை செய்தது. அட்டைக்கு எப்போதும் அந்தத் திறன் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இப்போது நாயகர்களிடம் வருவோம். 10 பிட் நிறத்துக்காக இந்த வரிசையில் முதலிலிருந்து கடைசி வரை நடந்து வந்தவர்கள் யார்? விளையாட்டு நிறுவனமா? சினிமாக்காரர்களா? இல்லை. கண் எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்கிற விஞ்ஞானிகள்.

அவர்களுடைய சிக்கலைக் கேளுங்கள். மனிதர் ஒருவரைத் திரையின் முன் உட்கார வைக்கிறார்கள். சாம்பல் திரையில் அதைவிட ஒரு துளி வெளுத்த ஒரு கோலத்தைக் காட்டுகிறார்கள். "தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். தெரிகிறது. இன்னும் மங்கலாக்குகிறார்கள். தெரிகிறது. இன்னும் மங்கலாக்க வேண்டும். முடியவில்லை! 8 பிட் திரையில் அடுத்தடுத்த இரண்டு சாம்பல்களுக்கு நடுவே வேறொன்று கிடையாது. கண்ணின் எல்லையை அளக்க வந்த இடத்தில் திரையின் எல்லை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. கண்ணைவிட முரட்டு அளவுகோலை வைத்துக் கண்ணை எப்படி அளப்பது?

பழைய குழாய் மானிட்டர் காலத்தில் இதற்கு ஓர் அழகான உபாயம் செய்தார்கள். டெனிஸ் பெல்லியும் அவருடைய சக ஆய்வாளர் ஜாங்கும் 1991இல் எழுதி வெளியிட்டது. அன்றைய வீடியோ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி மின்னழுத்தமாக வரும். கறுப்புவெள்ளைப் படம்தானே நமக்கு வேண்டும், மூன்று நிறம் எதற்கு? மூன்று கம்பிகளையும் சில மின்தடைகள் வழியாக ஒன்றாகக் கட்டு. ஒரு கம்பி பெரிய படிகளைத் தரட்டும். மற்றவை அந்தப் படிகளுக்கு நடுவே மிகச் சிறிய படிகளைத் தரட்டும். மூன்று 8 பிட் கம்பிகளிலிருந்து 12 பிட் சாம்பல் கிடைத்தது. கைக்குள் அடங்கும் ஒரு சின்ன டப்பா! எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கருவி இதுதான். மென்பொருளில் யாருடைய அனுமதியும் கேட்காமல் வன்பொருளில் செய்த தந்திரம்.

ஆனால் டிஜிட்டல் கேபிள் வந்தது. மின்னழுத்தம் போய் எண்கள் ஓடத் தொடங்கின. மின்தடை டப்பா செத்தது. கணினிக்கும் மானிட்டருக்கும் நடுவே வைக்கத் தனிப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்க முடியாத ஏழை ஆய்வகங்கள் என்ன செய்யும்?

பார்வை ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் சைக்டூல்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. 1990களில் மேக்கின்டாஷ் கணினியில் தொடங்கியது. அதன் மூன்றாம் தலைமுறையைக் கட்டியவர்களில் முதன்மையானவர் மாரியோ கிளைனர். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பணியாற்றியவர். கண்ணுக்குக் காட்டும் படம் சரியான மில்லிநொடியில், சரியான அளவில் திரையில் வர வேண்டும் என்பதற்காக லினக்ஸின் வரைகலை அடுக்குகளுக்குள் இறங்கியவர். 10 பிட்டுக்காகவும் அவர் அதைத்தான் செய்தார். தன் நிரலைத் திருத்திவிட்டு உட்காரவில்லை. மெசாவுக்குப் போனார், 10 பிட் வடிவங்களுக்கான திருத்தங்கள் எழுதினார். எக்ஸ் சர்வருக்குப் போனார், அங்கும் எழுதினார். 2018 மார்ச்சில் வெளிவந்த மெசா 18.0இலும், அதே ஆண்டு மே மாதம் வந்த எக்ஸ் சர்வர் 1.20இலும் 30 பிட் ஆழத்துக்கு வழி பிறந்தது. வரிசையில் ஒருவர் தன் இடத்தை விட்டு நகர்ந்து அடுத்தவர் இடத்துக்குப் போய், அவர் கையில் இருந்த செம்பை வாங்கி வைத்துவிட்டுக் குடத்தைக் கொடுத்தார். மூல நிரல் திறந்திருந்ததால் போக முடிந்தது. பூட்டியிருந்தால் வாசலில் விண்ணப்பம்தான் போட்டிருக்க முடியும்.

குடம் வந்ததும் என்ன ஆயிற்று? எல்லாரும் மகிழ்ந்தார்களா? அதுதான் வேடிக்கை. உடைந்தது! பல நிரல்கள் உடைந்தன.

ஏன் உடைந்தன என்று சொல்கிறேன், மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு நிரல் திரையில் வரைய வேண்டுமானால், "எனக்குக் குறைந்தது 8 பிட் நிறம் வேண்டும்" என்று கேட்கும். விதிப்படி, பொருந்துகிற வடிவங்களில் அதிக பிட் உள்ளதே பட்டியலில் முதலில் வரும். இத்தனை ஆண்டுகளும் அதிகம் என்றாலும் 8தான். நிரல்கள் பட்டியலின் முதல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பழகிவிட்டன. இப்போது முதல் வரியில் 10 வந்து நிற்கிறது. எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டு, ஒரு பைட் ஒரு நிறம் என்று பழையபடியே பிக்சலைப் பிரித்தன. 10 பிட் வடிவத்தில் நிறங்களின் எல்லை பைட்டின் எல்லையில் விழாதே! ஒரு நிறத்தின் வால் அடுத்த நிறத்தின் தலையில் போய் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது ஆல்பா. முன்பு அதற்கு 8 பிட், 256 நிலைகள். இப்போது மிச்சம் 2 பிட், நான்கே நிலைகள்: முழுக்க ஊடுருவும், மூன்றில் ஒரு பங்கு மறைக்கும், மூன்றில் இரண்டு பங்கு மறைக்கும், முழுக்க மறைக்கும். சாளரத்தின் ஓரத்தில் மெல்லக் கரையும் நிழலை இந்த நான்கை வைத்து வரைந்து பாருங்கள். வானத்தில் இருந்த பட்டையை ஒழிக்கப் போய் நிழலில் பட்டையைக் கொண்டுவந்த கதை! மெசாக்காரர்கள் என்ன செய்தார்கள்? கோளாறு செய்யும் நிரல்களின் பெயர்களைத் தங்கள் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்து, அவற்றின் கண்ணில் 10 பிட் படாமல் மறைத்தார்கள். தூய்மைவாதிகளுக்குப் பிடிக்காத வழி. எனக்கு அதில் குறை தெரியவில்லை. பயனரின் திரை வேலை செய்ய வேண்டும், அழகு பிறகு.

இனி கேபிள். இதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. 4கே திரையை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க, வழக்கமான நேர அமைப்பில் நொடிக்கு 59.4 கோடி பிக்சல் ஓட வேண்டும். 24ஆல் பெருக்குங்கள்: 14.26 கிகாபிட். எச்டிஎம்ஐ 2.0 கேபிளில் பெயரளவு 18 கிகாபிட் என்று அட்டைப்பெட்டியில் இருக்கும். குறியீட்டுச் செலவு போகத் தரவுக்குக் கிடைப்பது 14.4. மயிரிழையில் நுழைந்துவிட்டது. இப்போது 30ஆல் பெருக்குங்கள்: 17.82. நுழையுமா? நுழையாது. நிரல் தயார், மெசா தயார், கெர்னல் தயார், மானிட்டர் தயார். கம்பியில் இடம் இல்லை. நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பலாம். அப்போது எழுத்துகளின் ஓரம் மங்கும். நொடிக்கு 30 முறை என்று குறைக்கலாம். சுட்டி திக்கித் திக்கி நகரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2இல் தரவுக்கு 17.28 கிடைக்கும், வரிகளுக்கு நடுவே விடும் வெற்று நேரத்தைக் குறைத்துக்கொண்டால் 16 கிகாபிட்டில் வேலை முடிந்துவிடும். ஆகவே, என்னைக் கேட்டால் டிஸ்ப்ளேபோர்ட்டில் செருகுங்கள் என்பேன்.

எச்டிஎம்ஐ 2.1இல் 48 கிகாபிட் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கத் தயாராவது தெரிகிறது. இருக்கிறது. அங்கேதான் இந்தக் கதையின் கசப்பான பக்கமும் இருக்கிறது. ஏஎம்டி நிறுவனத்தின் பொறியாளர்கள் கட்டற்ற டிரைவரில் அதற்கான வேலையைச் செய்து, எச்டிஎம்ஐ மன்றத்தின் அனுமதிக்குக் காத்திருந்தார்கள். அந்தத் தரத்தின் விவரங்கள் மூடியவை. கட்டற்ற நிரலில் எழுதினால் உலகமே படித்துவிடும். முன்மொழிவை மன்றம் ஏற்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் ஏஎம்டி தரப்பிலிருந்து பகிரங்கமாகவே சொன்னார்கள். அறிவு இருந்தது, ஆள் இருந்தார்கள், நிரல் இருந்தது. வெளியிட உரிமை இல்லை. மற்ற எல்லாக் கைகளிடமும் போய்க் குடத்தைக் கொடுக்க முடிந்த நம்மால், இந்த ஒரு கையை நெருங்க முடியவில்லை.

அடுத்து வேலண்ட். எக்ஸ் அமைப்பில் ஆழம் என்பது திரை முழுவதற்கும் ஒன்று. அமைப்புக் கோப்பில் 30 என்று எழுதினால் எல்லா நிரலும் 30இல் வாழ வேண்டும், பழையது உடையும். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு சாளரமும் தனக்கு வேண்டிய வடிவத்தில் தன் படத்தைக் கொடுக்கலாம், கம்பாசிட்டர் சேர்த்துக்கொள்ளும். 10 பிட் வேண்டியவர் 10, வேண்டாதவர் 8. இது நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. பளிச்சிடும் வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருளையும் ஒரே படத்தில் காட்டும் எச்டிஆர் வந்துவிட்டது. 10 பிட் கொடுத்தால் போதாது; அந்த 10 பிட்டுக்கு என்ன பொருள் என்றும் சொல்ல வேண்டும். எச்டிஆர் படங்களில் எண்ணின் உச்சம் சதுர மீட்டருக்கு 10,000 கேண்டலா வரை குறிக்கலாம். உங்கள் மானிட்டரில் 600தான் முடியும் என்றால் யார் விட்டுக்கொடுப்பது? எச்டிஆர் திரைப்படமும் சாதாரண உரை ஆவணமும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தால், ஆவணத்தின் வெள்ளை எத்தனை வெள்ளை?

இந்தக் கேள்விகளைத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2023 ஏப்ரலில் செக் நாட்டின் பிர்னோ நகரில், ரெட் ஹாட் அலுவலகத்தில், வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவிக்காக கேம்ஸ்கோப் என்ற கம்பாசிட்டரில் தனியே முந்திக்கொண்டு ஓடியது. 2023 நவம்பரில் எச்டிஆர் திரையுடன் கருவியை விற்கவும் செய்தது. 2024 பிப்ரவரியில் கேடிஇ குழுவின் மேசைத்தளமான பிளாஸ்மா 6 சோதனை முறையில் எச்டிஆர் தந்தது. வேலண்டின் நிற மேலாண்மை நெறிமுறை 2025 பிப்ரவரியில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த மாதமே க்னோம் 48 மேசைத்தளம் எச்டிஆரோடு வந்தது.

"இத்தனை தாமதமா?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். கேலியில் பாதி நியாயம் உண்டு. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருள், கேடிஇ குடும்பத்தில் பிறந்தது. 2019இல் அதன் 4.2 பதிப்பில் எச்டிஆர் ஓவியம் வரையும் வசதி வந்தது. எங்கே வந்தது? விண்டோஸில் மட்டும்! பிறந்த வீட்டில் விளக்கு இல்லாததால் பக்கத்து வீட்டில் போய்ப் படித்த பிள்ளை. அந்த நாட்களில் இதை நினைத்து எனக்கு வெட்கமாகவே இருந்தது.

மறுபாதி நியாயம் வாதாடியவர்கள் பக்கம். எக்ஸில் நிறம் என்பது வெறும் எண். அதற்குப் பொருள் என்ன என்று திரைக்குத் தெரியாது. அந்த நிலையை அப்படியே வேலண்டுக்கும் கொண்டுபோயிருந்தால் இரண்டே ஆண்டில் முடித்திருக்கலாம். பிறகு இன்னும் இருபது ஆண்டு அதோடு மல்லாட வேண்டியிருக்கும். ஒவ்வொரு சாளரமும் "என் நிறங்கள் இந்த வெளியைச் சேர்ந்தவை, என் வெள்ளை இவ்வளவு" என்று சொல்லும்படி செய்தார்கள். நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

சரி, இன்று வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மானிட்டர் முனையிலிருந்து தொடங்குங்கள். 10 பிட் என்று விற்கப்படும் திரைகளில் பல, உள்ளே 8 பிட் திரைதான். இரண்டு நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி நடுநிறம்போல் தோன்றச் செய்கின்றன. அது மோசம் இல்லை, கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும். பிறகு கேபிள். பிறகு கெர்னல்: ஒவ்வொரு இணைப்புக்கும் "மேக்ஸ் பிபிசி" என்ற ஒரு பண்பு உண்டு, அதிகபட்சம் எத்தனை பிட் அனுப்பலாம் என்பதற்கு. ஏஎம்டி டிரைவரில் வெளி மானிட்டர்களுக்கு அது 8 என்றே வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். "புது மானிட்டர் வாங்கினேன், வித்தியாசமே தெரியவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எக்ஸ்ராண்டர் கட்டளையில் 10 என்று மாற்றினால் முடிந்தது. எக்ஸ் பயன்படுத்துவோர் அமைப்புக் கோப்பின் திரைப் பகுதியில் டிஃபால்ட் டெப்த் என்ற இடத்தில் 30 என்று எழுதி, எக்ஸ்டிபிஒய்இன்ஃபோ கட்டளையில் ஆழம் 30 என்று வருகிறதா என்று சரிபார்க்கலாம். வேலண்ட் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் இந்த வேலையே இல்லை.

கடைசியில் நிரல். ஜிம்ப் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து உள்ளே நிறக்கூறு ஒன்றுக்கு 32 பிட் துல்லியத்தில் கணக்குப் போடுகிறது; ஆனால் திரையில் படத்தை வைக்கும்போது 8 பிட்டாகவே வைக்கிறது. பல படம்பார்க்கும் நிரல்களும் அப்படியே. 10 பிட் வீடியோவைத் திரை வரை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரல் ஒன்று வேண்டுமானால் எம்பிவியைச் சொல்வேன்.

இந்த அரங்கின் புரொஜெக்டரில் வித்தியாசத்தைக் காட்ட முடியாது. சுவரில் விழும் வெளிச்சத்தில் பட்டை கரைந்துவிடும். அதனால் வெளியே மேசையில் ஒரு மானிட்டரை வைத்திருக்கிறோம். மேல்பாதியில் 8 பிட் சாம்பல், கீழ்ப்பாதியில் 10 பிட் சாம்பல். ஐந்தைந்து பேராக வாருங்கள். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு நெருங்க வேண்டாம், ஒரு முழம் தள்ளி நின்று இருட்டு முனையைப் பாருங்கள். வெளிச்ச முனையில் எனக்கும் ஒன்றும் தெரியாது. கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.